சொல்லறிவு என்னும் கடன்

சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லி எவரும் தப்ப இயலாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் நெறி. அந்நெறியில் ஒரு நியாயம் உண்டு. தெரியாது என்னும் சொல்லே போதிய திரையாகுமானால், தெரிந்தவனும் அத்திரையின் பின்னே ஒளிந்துகொள்வான். ஆயினும் அதன் மறுபக்கத்தை எண்ணும்போது உள்ளம் சற்றுத் தயங்குகிறது. எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் எல்லாரும் அறிந்த மொழியில் எழுதப்பட்டுள்ளதா? இல்லையென்றால், அறியாமைக்குப் பொறுப்பு அறியாதவனுடையதா, எழுதியவனுடையதா, இருவருக்கும் இடையே நின்று அம்மொழியை அறிந்து வைத்திருக்கும் மூன்றாமவனுடையதா?

இம்மூன்றாமவனைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்க விழைகிறேன். சட்டம் இயற்றுவோரின் கடமையைப் பற்றிப் பேசுவோர் பலர். கல்லாதவரின் குறையைச் சுட்டுவோர் அவரினும் பலர். இடையில் நிற்பவனின் கடமையைப் பற்றிய பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது. அவ்விடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாமே என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நான் வாழும் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். சீபீல்ட் தோட்டத்தின் பால்மரங்கள் நின்ற நிலத்தில் 1970-களில் வீடுகள் எழத் தொடங்கின. பின்னர்க் கடைவரிசைகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வந்தன. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அவ்வூர் மாநகரமாகவும் உயர்த்தப்பட்டது. பால்வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இப்பகுதியின் வங்கிகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். இவ்வூரில் ஞாயிறுதோறும் காலையில் பத்துப் பன்னிருவர் ஒரு சிறு மண்டபத்தில் கூடுகிறோம். ஓய்வு பெற்ற ஓட்டுநர், துப்புரவுப் பணி செய்யும் பெண்கள், சிறுகடை நடத்துவோர், எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி எனப் பலதரத்தினரும் அதில் உளர். அரசியலிலும் சட்டத்திலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கற்பதே அங்கே நடைபெறும் வேலை. கற்பிப்பவன் நான்.

என் தங்கை மகன் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டான்: "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு மாமா இங்கிலீஷ் சட்டச் சொல்லு? வேணும்னா வக்கீலைப் பார்க்கலாம். இல்லேன்னா கைப்பேசியில தட்டினா அர்த்தம் வந்துடுது. கோர்ட்டுலேயும் இப்ப மலாய்தானே?" அவன் கேட்ட மூன்று கேள்விகளும் நியாயமானவையே. அவற்றிற்கு விடை சொல்வதற்கு முன், நான் இவ்வேலையை ஏன் மேற்கொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது பெருமைக்குரிய கதையன்று.

1975-ஆம் ஆண்டின் தொடக்கம். கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் என் தந்தையார் பால்மரம் வெட்டி வந்தார். நான் ஆங்கிலப் பள்ளியில் எம்.சி.இ. தேர்வெழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். தொழிலாளர் குடும்பங்களில் அவ்வளவு தொலைவு படித்த பிள்ளைகள் இருவரோ மூவரோதாம். அவ்வேளையில் தோட்டம் கைமாறியது. ஒரு மாலையில் அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு தாள் வந்தது. அதில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்து மறுநாள் காலைப் பெரட்டில் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினர்.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தவரை நான் பெரியப்பா என்று அழைப்பது வழக்கம். அவர் தாளை என்னிடம் நீட்டி, "நீதான்யா படிச்ச புள்ள. என்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றார். சுற்றிலும் பத்துப் பேர் நின்றனர். தாளின் நடுவே 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்' என்று அச்சாகியிருந்தது. முதற்சொல்லுக்கு முழுமை என்பது பொருள், அதை அறிவேன். அடுத்ததற்கு இறுதி என்பது பொருள், அதையும் அறிவேன். மூன்றாவது சொல்லைப் பூகோளப் பாடத்தில் கண்டிருந்தேன். காடழித்து மக்களைக் குடியேற்றிய பெல்டா நிலத்திட்டங்களைப் பற்றிய பாடத்தில் அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்திருந்தது. அங்கே அதற்குக் குடியேற்றம், குடியிருப்பு என்று பொருள். தாளில் ஒரு தொகையும் குறிக்கப்பட்டிருந்தது. நான் தயங்கவில்லை. "காசும் குடுக்கிறாங்க பெரியப்பா, நிரந்தரமா குடியிருக்க எடமும் குடுக்கிறாங்க" என்றேன்.

அங்கே நின்ற முகங்களில் தோன்றிய மகிழ்ச்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பெரியம்மா எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மையில் தோய்த்த பெரியப்பாவின் பெருவிரலைத் தாளின்மேல் உருட்ட உதவியதும் என் கைதான்.

மூன்று திங்களுக்குப் பின் லயத்தைக் காலி செய்யுமாறு அறிவிப்பு வந்தது. பெரியப்பா தாளின் நகலை எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்றார். அத்தாளின் பொருளை அங்கிருந்தவர்கள் அவருக்கு விளக்கினர். குறித்த தொகையைப் பெற்றுக்கொண்டு கணக்கை முழுவதுமாகத் தீர்த்துக்கொண்டதற்கும், இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன் என்று ஒப்பியதற்கும் அது சான்று. திரும்பி வந்த பெரியப்பா என்னை ஏசவில்லை. "நீ சின்னப் புள்ளதானே" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் ஒருவேளை அதை நான் மறந்திருப்பேன்.

அன்று நான் செய்த பிழை யாது? அச்சொல்லின் பொருளை அறியாதிருந்தது பிழையன்று. பதினேழு வயதுப் பிள்ளை அறியாத சொற்கள் ஆயிரம் உண்டு. தெரியாது என்று சொல்ல நா எழாதிருந்ததே பிழை. பத்துப் பேர் நடுவே படித்தவன் என்று பெயரெடுத்து நின்றபோது, அப்பெயரை ஒரு நொடி இழக்க மனம் வரவில்லை. உண்மையை நான் சரியாகப் படித்துச் சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. ஆனால் அவர்கள் ஒருநாள் அவகாசம் கேட்டிருக்கலாம், தொழிற்சங்கத்தை நாடியிருக்கலாம், அறிந்தே கையெழுத்திட்டோம் என்னும் குறைந்த அளவு மரியாதையாவது அவர்களுக்கு எஞ்சியிருக்கும். அவர்கள் கையில் இருந்த அந்த வாய்ப்பை என் அரைகுறை அறிவு பறித்துக்கொண்டது. முழு அறியாமை ஒருவனைத் துணை தேட வைக்கும். அரை அறிவு அந்தத் தேடலையும் நிறுத்திவிடும்.

இனி, இச்சொற்கள் ஏன் இத்துணைக் கடினமாக உள்ளன என்று பார்ப்போம். ஆங்கிலச் சட்டச் சொற்கள் தமிழனுக்கு மட்டுமே அயலானவை என்று எண்ணி நாணுவோர் உண்டு. வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டு அரசவையிலும் நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு மொழி புகுந்தது. ஆவணங்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. ஆங்கில உழவன் தன் சொந்த மண்ணிலேயே தனக்கு விளங்காத மொழியில் வழக்காடப்பட்டான். பிரெஞ்சு மொழி மக்களுக்குத் தெரியவில்லை என்னும் காரணத்தைக் காட்டி, வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்பது வேடிக்கை. நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து இலத்தீன் விலகுவதற்கு 1733 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்லிமெண்ட், ஜட்ஜ், பெயில், அரெஸ்ட் ஆகியன பிரெஞ்சின் வழி வந்தவை. அஃபிடவிட், அலிபை, ஹேபியஸ் கார்ப்பஸ் ஆகியன இலத்தீன். ஆகவே இச்சொற்களின் முன் திகைத்து நிற்பவன் தாழ்ந்தவனல்லன். இலண்டன் நகரத்துக் கூலியாளும் ஒரு காலத்தில் அவற்றின் முன் அவ்வாறே நின்றான்.

முற்றிலும் அயலான சொல் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதைக் கேட்டவன் தனக்குத் தெரியாது என்பதையேனும் உணர்வான். நாம் அறிந்த முகத்துடன் வந்து அறியாத வேலையைச் செய்யும் சொற்களே அஞ்சத்தக்கவை. சென்டன்ஸ் என்றால் வாக்கியம் என்று பள்ளியில் படித்தோம். நீதிமன்றத்தில் அது தண்டனை. கன்சிடரேஷன் என்றால் பரிவு என்று எண்ணுகிறோம். ஒப்பந்தத்தில் அது ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தரும் மறுபயன். ரிலீஃப் என்றால் மன ஆறுதல். வழக்கில் அது நீதிமன்றத்திடம் கோரும் பரிகாரம்.

எங்கள் வகுப்பிலுள்ள பாட்டி ஒருநாள் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்னும் தொடரைக் காட்டிப் பொருள் கேட்டார். உறவினர் ஒருவரின் கடனுக்கு அவரும் இன்னொருவரும் ஜாமீன் கையெழுத்திட்டிருந்தனர். கடன் 20,000 ரிங்கிட் என்றால் தமக்குப் பாதி, மற்றவருக்குப் பாதி என்று அவர் எண்ணியிருந்தார். செவரல் என்றால் பலர் என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? இங்கே செவரலி என்பது தனித்தனியாக என்று பொருள்படும். இருவரும் சேர்ந்தும் பொறுப்பு. ஒவ்வொருவரும் தனித்தனியே முழுத் தொகைக்கும் பொறுப்பு. மற்றவர் செலுத்தாவிட்டால் 20,000 ரிங்கிட்டையும் இவர் ஒருவரிடமே கேட்க முடியும். பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த ஒரு சொல்லுக்கு வெல பத்தாயிரமாய்யா?" என்று கேட்டார். சட்டச் சொல்லின் இயல்பை இதனினும் சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

குற்ற வழக்குகளில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மை பெறுகிறது. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றமற்றவர் என்று தீர்மானிக்காமலே ஒருவரை வழக்கிலிருந்து விடுவிக்கும் முறை ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் என்பது வேறு. அக்விட்டல் என்பது வேறு. முன்னதைப் பெற்றவர்மீது அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டுவர இயலும். பின்னதைப் பெற்றவர் அக்குற்றச்சாட்டிலிருந்து நீங்கியவர். இவ்விரண்டும் நம் பேச்சில் 'விடுதலை' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்போது, ஒரு குடும்பம் தேங்காய் உடைத்துக் கொண்டாடிய மகிழ்ச்சி சில திங்களில் குலைந்து போகக்கூடும். அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவு மற்றொன்றையும் கூறுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஒருவர் சொன்னால், அதைப் பதிவு செய்வதற்கு முன், தம் ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் அவர் உணர்ந்திருக்கிறாரா என்று நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும். விளங்காத ஒப்புதல் ஒப்புதலாகாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் கருத்து. தெரியாமை மன்னிப்பாகாது என்று ஒரு கையால் கதவடைக்கும் சட்டம், மறு கையால் இச்சிறு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. சாளரம் இருப்பதை அறிந்தவன்தான் அதன் வழியே குரல் கொடுக்க முடியும்.

ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதற்கு நம் நாட்டிலேயே, நம்மினப் பெண்மணி ஒருவரின் வாழ்விலேயே சான்று உள்ளது. கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் விதி, பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தை அவருடைய 'பேரண்ட்' அல்லது காப்பாளர் முடிவு செய்வார் என்று கூறுகிறது. ஆங்கிலத்தில் அது ஒருமைச் சொல். மலாய் மொழிபெயர்ப்பில் தாய் அல்லது தந்தை என்று பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. தமிழில் நாம் பெற்றோர் என்போம். அச்சொல்லைக் கேட்ட அளவில் தாய், தந்தை ஆகிய இருவருமே நம் கண்முன் நிற்பர். ஒரே கருத்து மும்மொழிகளில் மூன்று உருவங்களைப் பெற்றுவிட்டது.

2007-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், சுபாஷினி என்பாரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அச்சொல் பெற்றவர்களுள் ஒருவரையே குறிக்கும் என்று கொண்டது. அதன்பின் 2009-இல், ஈப்போவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகள், மதம் மாறிய தந்தையால், தாயின் இசைவின்றி மதமாற்றம் செய்யப்பட்டனர். இளைய மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. வழக்கு ஈப்போ உயர்நீதிமன்றம் சென்றது. 2013-இல் தாய்க்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2018-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் அடங்கிய கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பில் ஒருமையில் வரும் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்னும் விளக்க விதி அதே அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் உள்ளது. அவ்விதியையும் துணைக்கொண்டு, தாய், தந்தை இருவர் இசைவும் வேண்டும் என்று நீதிபதிகள் முடிவு செய்தனர்.

எந்தச் சமயத்தையும் குறை கூறுவதற்காக இதை இங்கே எடுத்துரைக்கவில்லை. ஓர் ஆங்கிலச் சொல் ஒருமையா பன்மையா என்னும் வினாவின்மேல் ஒரு தாயின் ஒன்பது ஆண்டு வாழ்வு தொங்கிக் கொண்டிருந்தது என்பதைக் காட்டவே சொல்கிறேன். பள்ளியில் இலக்கண வகுப்பை அலுப்போடு கேட்டவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு பாடமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சொல் வென்றது, ஆனால் தீர்ப்பு வந்தபின்பும் அத்தாய் தம் இளைய மகளைக் காணாது ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். சொல்லை அறிந்தால் எல்லாம் கைகூடும் என்று எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டா. சொல்லறிவு நீதியின் வாயிலைக் காட்டும். வாயிலின் உள்ளே செல்வதற்கும், சென்றபின் தீர்ப்பைச் செயலாக்குவதற்கும் வேறு பல வலிமைகள் தேவைப்படுகின்றன. எனினும் வாயில் எங்கே உள்ளது என்றே அறியாதவனுக்கு அவ்வலிமைகளால் பயன் யாது?

இனி என் தங்கை மகனின் கேள்விகளுக்கு வருவோம். நீதிமன்றத்தின் மொழி இப்போது மலாய் அன்றோ என்று கேட்டான். உண்மையே. 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அவ்வாறு அமைத்துள்ளன. தேசிய மொழியை நன்கு கற்பது நம் கடமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் நம் அரசியலமைப்பு ஆங்கிலத்தில் வரையப்பட்டது. உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. வீட்டுக்கடன், காப்புறுதி, வேலை நியமனம் ஆகியவற்றின் ஒப்பந்தங்கள் இன்றும் பெருமளவு ஆங்கிலத்திலேயே நம் வீடுகளுக்கு வருகின்றன. ஆகவே மலாய் கற்பதும் இதைக் கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வழக்கறிஞர் இருக்கிறாரே என்றான். நோய் வந்தபின் மருத்துவரிடம் செல்கிறோம். ஆனால் நோய் வந்திருக்கிறது என்பதை நாமேதான் உணர வேண்டும். தாளில் ஏதோ இடறுகிறது என்று உணரும் அளவு அறிவு இல்லாதவன் வழக்கறிஞரிடம் போவதே இல்லை. எங்கள் பெரியப்பா போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றாதபடி நான் செய்துவிட்டேன். கைப்பேசி பொருள் சொல்லும் என்றான். செட்டில்மெண்ட் என்று தட்டினால் அது குடியேற்றம் என்றும் கூறும், தீர்வு என்றும் கூறும். இரண்டில் எது இத்தாளுக்குரியது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அப்போதும் மனிதனுடையதே.

தனித்தமிழ் ஆர்வலர் சிலர் வேறொரு வினாவை எழுப்பக்கூடும். ஆங்கிலச் சொல்லைக் கற்பிப்பதை விட்டுவிட்டு நல்ல தமிழ்ச் சொல்லைப் படைத்தால் போதாதா என்பர். சர்க்கார் அரசாயிற்று, அபேட்சகர் வேட்பாளராயினார், ஓட்டு வாக்காயிற்று, நியாயஸ்தலம் நீதிமன்றமாயிற்று. இவை நம் மொழி பெற்ற செல்வங்கள். ஆனால் புதிய தமிழ்ச் சொல் ஒன்றைப் படைத்த அளவில் பொருள் விளங்கிவிடுவதில்லை. பிணை, பிணைமுறி, பிணையாளி என்று அடுக்கிச் சொன்னாலும், அவற்றின் பொருளை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அயற்சொல்லால் மிரட்டுவது போலவே அருந்தமிழ்ச் சொல்லாலும் மிரட்ட முடியும். சொல் எம்மொழியைச் சார்ந்தது என்பதைவிட, கேட்பவன் மனத்தில் அது விளங்கிற்றா என்பதே முதன்மையானது.

அரசியல் மேடைகளில் இம்மிரட்டல் நாள்தோறும் நடைபெறுகிறது. மெண்டேட், ரெசொலூஷன், மெமோராண்டம் என்று பேச்சாளர் முழங்கும்போது கூட்டம் கைதட்டுகிறது. மெமோராண்டம் என்பது கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கும் மனு. அதைப் பெற்றுக்கொண்டவர் அதன்படி நடக்க வேண்டும் என்னும் கட்டாயம் ஏதுமில்லை. இதை அறிந்த கூட்டம், மனு கொடுத்தாயிற்று என்னும் செய்தியோடு மனநிறைவு கொள்ளாது. விடை என்ன வந்தது என்று கேட்கும். அதேபோன்று, நம் அரசியலமைப்பின் 153-ஆம் விதியைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. அதன் வாசகத்தைப் படித்தவர் சிலரே. மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் 'ஸ்பெஷல் பொசிஷன்', அதாவது தனி நிலை, என்னும் தொடர் அங்கே உள்ளது. மற்ற இனத்தவரின் 'லெஜிட்டிமேட் இன்டரஸ்ட்ஸ்', அதாவது முறையான நலன்கள், என்னும் தொடரும் அதே வாக்கியத்தில் உள்ளது. இரண்டையும் காப்பது மாமன்னரின் பொறுப்பு என்று அவ்விதி கூறுகிறது. ஒரு பாதியை மட்டும் நினைவில் கொள்வோர் எப்பக்கத்தில் இருந்தாலும் அவ்வாக்கியத்தை முழுமையாகப் படித்தவர் ஆகார். முழு வாக்கியத்தையும் படிப்பவன் எளிதில் சினம் கொள்வதில்லை. எளிதில் ஏமாறுவதும் இல்லை.

இவ்வளவும் கூறியபின், தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு என் விடையைச் சொல்லலாம். விளங்கும்படி எழுதுவது அரசின் கடமை. முயன்று கற்பது குடிமகனின் கடமை. ஆனால் ஒரு சொல்லை அறிந்துவிட்டவனுக்கு இவ்விரண்டினும் நெருக்கமான ஒரு கடமை உண்டு. அவ்வறிவு அவனுக்குச் சொந்தமானதன்று. அறியாதவனுக்குச் சேர வேண்டிய பொருளை அவன் தற்காலிகமாகக் கையில் வைத்திருக்கிறான். என் பள்ளிக் கட்டணம் தோட்டத்து மக்களின் வியர்வையில் பிறந்தது. என் தந்தையாரின் சம்பளம் போதாத திங்களில் பெரியப்பா கொடுத்துதவிய வெள்ளிகளும் அதில் உண்டு. அவ்வெள்ளிகளால் கற்ற மொழியைக் கொண்டு அவருக்கே தீங்கு செய்தேன் என்னும்போது, கடன் என்னும் சொல்லின் கனம் எனக்கு விளங்குகிறது.

நான் சரியாகப் படித்துச் சொன்னால் போதும் என்று பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். இப்போது அதுவும் போதாது என்று தோன்றுகிறது. பிறர் என்னை நம்பி நிற்கும் நிலையே நீடிக்குமானால், நான் தவறும் நாளில் அவர்கள் மீண்டும் வீழ்வர். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போலவே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்பவனின் திறமையோடு, கேட்பவனின் அறிவும் நாட்டிற்கு வேண்டும். எனவேதான் அத்தாள்களைப் படித்துச் சொல்லும் வேலையைக் குறைத்துக்கொண்டு, கற்பிக்கும் வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் வகுப்பில் மனப்பாடம் இல்லை, தேர்வும் இல்லை. ஒரே ஒரு விதி உண்டு. அந்த வாரம் கற்ற சொல்லை, ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு வீட்டுத் தமிழில் விளக்க வேண்டும். விளக்கும்போது அவர் எழுப்பிய கேள்வியை அடுத்த வாரம் வகுப்பிற்குக் கொண்டுவர வேண்டும். அக்கேள்வியிலிருந்தே அடுத்த பாடம் தொடங்கும். ஒரு சொல்லைக் கற்றதற்கு இதனினும் கடுமையான சோதனையை நான் அறியேன். வழக்கறிஞருக்கு விளக்குவது எளிது. சமையற்கட்டில் நிற்கும் அக்காவிற்கு விளக்குவதே கடினம். அவர் "அப்படின்னா வீடு போயிடுமா, போகாதா?" என்று நேராகக் கேட்பார். அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாதவன் அச்சொல்லைக் கற்கவில்லை. அதன் ஒலியை மட்டுமே கற்றிருக்கிறான்.

வகுப்பின் முதல் நாளில் செட்டில்மெண்ட் என்னும் சொல்லைப் பலகையில் எழுதி, பெரியப்பாவின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர், "அன்னிக்கு நீங்க என்னா சொல்லியிருக்கணும், ஐயா?" என்று வினவினார். சரியான பொருளைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் என்னிடம் எதிர்பார்த்திருக்கலாம். நான் சொன்ன விடை வேறு. 'எனக்கு இந்தச் சொல் விளங்கவில்லை, பெரியப்பா. விளங்கும் வரைக்கும் கையெழுத்துப் போட வேண்டா' என்பதே பதினேழு வயதில் எனக்கு இயன்ற உண்மையான மொழிபெயர்ப்பு.

நம்மிடம் ஒரு தாளை நீட்டி, படித்துச் சொல் என்று கேட்போர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும், கிள்ளான் பேருந்து நிலையத்திலும், சுபாங் ஜெயாவின் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் நம்மை நம்பி நீட்டும் அத்தாளை வாங்கும்போது நம் கை சற்று நடுங்குவது நல்லது. அறிந்ததைத் தெளிவாகச் சொல்வோம். அறியாததை அறியோம் என்று நாணாமல் சொல்வோம். பின்பு அவர்களோடு அமர்ந்து அச்சொல்லை ஒன்றாகக் கற்போம்.